நந்தியம்பாக்கம் வரை ஆறு விநாடி

நர்மதாவின் கோபம் கும்மிடிப்பூண்டி பேருந்து நிலையத்துக்கு எதிர்வரிசையில் கடை வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் பழக்கம். காலையில் நாஷ்டா முடித்துக் கடை ஷட்டரைத் தூக்குகிற வேகத்தை வைத்தே, இன்றைக்கு யார் தலை உருளப் போகிறது என்று பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் சொல்லிவிடுவார். பென்டிரைவ் நிறைய வைரஸோடு வருகிறவன், கேமரா மேல் துணியைக் காயப் போட்டுவிட்டு "மேடம், படம் வரல" என்று போன் செய்கிற சூப்பர்வைசர், எல்லோரும் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போவார்கள். ஆனாலும் மறுபடி அவளிடம்தான் வருவார்கள். வேலையில் சொத்தை சொல்ல முடியாது. அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள், போன பங்குனி வரைக்கும்.

ஆர்.கே.பேட்டைப் பக்கம் நெல் போடுகிற குடும்பம் அவளுடையது. டிப்ளமா முடித்த கையோடு திருவள்ளூரில் ஒரு கல்யாண ஸ்டுடியோவில் எடிட்டிங்கில் உட்கார்ந்தாள். பதினோரு வருஷம். எத்தனை தாலி கட்டு, எத்தனை சீமந்தம், எத்தனை மஞ்சள் நீராட்டு என்று அவளுக்கே கணக்கில்லை. சம்பந்திச் சண்டையை எங்கே வெட்டுவது, அழுத அம்மாவை எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் கை தானாகச் செய்யும். பிறகு அன்புசெல்வனைக் கட்டிக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்கு வந்தாள். அவன் எலக்ட்ரீஷியன். சிப்காட் கம்பெனிகளில் ஏணி போட்டு கேமரா மாட்டுவது அவன், கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்வது இவள். பன்னிரண்டு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது.

கல்யாண வீடியோக்காரர்களுக்கு என்று ஒரு எண் உண்டு. இருபத்தைந்து. ஒரு விநாடிக்கு இருபத்தைந்து படம். கேமரா எடுப்பது இருபத்தைந்து, எடிட்டிங்கில் வைப்பது இருபத்தைந்து, டிவியில் ஓடுவதும் இருபத்தைந்து. கம்ப்யூட்டர் "விநாடிக்கு எத்தனை?" என்று கேட்டால் யோசிக்காமல் இருபத்தைந்தை அடிப்பாள் நர்மதா. பெயர் கேட்டால் பெயர் சொல்வது மாதிரி. அந்த எண் ஒரு ஆளின் வேலைக்கு உலை வைக்கும் என்று யார் கண்டது?

அன்று செவ்வாய்க்கிழமை. பதினொரு மணி வாக்கில் ஒரு பெண் கடைப்படியில் வந்து நின்றாள். முப்பது வயதிருக்கும். கையில் போனும் மடித்த ஒரு கடிதமும் இருந்தன.

"அக்கா, ஒரு வீடியோ கீது. ஸ்லோ பண்ணி, ஒவ்வொரு படமா பிரிண்ட் எடுத்துத் தருவீங்களா?"

"எதுக்கும்மா? இன்ஸ்டாவுல போடவா?"

"எங்க ஊட்டுக்காரு கை போனது இதுல கீது."

நர்மதா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அந்தப் பெண்ணை உள்ளே உட்கார வைத்தாள். பெயர் ஜெபா. கணவன் இம்மானுவேல், கார் கதவுக்குத் தகடு அடிக்கிற ஒரு கம்பெனியில் ஒன்பது வருஷமாக பிரஸ் ஓட்டுகிறவன். ஐந்து வாரத்துக்கு முன்னால் நாலாம் நம்பர் பிரஸ் அவனுடைய வலது கையில் மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது. அது போதாதென்று கம்பெனி அவன் மேலேயே குற்றப்பத்திரிகையும், சாட்சி என்று இந்த வீடியோவும் கொடுத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை விசாரணை. வேலை நிற்குமா போகுமா என்பது அன்றைக்குத் தெரியும்.

கடிதத்தை நர்மதா வாங்கிப் படித்தாள். பிரஸ் மேலே போய்ப் பச்சை விளக்கு எரிந்ததும் ஐந்து விநாடி காத்திருந்துதான் கை வைக்க வேண்டுமாம். அந்த ஐந்து விநாடிக்குள் எந்திரம் தன்னைத்தானே பூட்டிக்கொண்டுவிடும். அதற்கு முன்னால் கை வைத்தால் தொழிலாளியின் தப்பு, அதற்கு அப்புறம் இறங்கினால் எந்திரத்தின் கோளாறு. இம்மானுவேல் மூன்றரை விநாடியில் கை வைத்துவிட்டான், "காலை 10.42 முதல் 10.43 வரையிலான ஒரு நிமிடக் கேமராப் பதிவு" அதற்குச் சாட்சி, அவன் எப்போதும் பரபரப்பாகவும் அலட்சியமாகவும் வேலை செய்கிறவன் என்று எழுதியிருந்தது. கீழே பர்சனல் ஆபீசர் வீரராகவன் கையெழுத்து.

"கையையும் வாங்கிக்கினு காயிதமும் குடுத்தானுங்களா?" என்றாள் நர்மதா. அவளுக்குக் காது மடல் சூடானது. கோபம் வந்தால் முதலில் அங்கேதான் ஏறும்.

"அவரு எண்ணாம கை வெக்க மாட்டாருக்கா. எனக்குத் தெரியும். ஊட்ல குக்கர் தொறக்கறதுக்குக்கூட எண்ணுவாரு."

"எண்றது எல்லாரும்தான் எண்ணுவாங்க. அவசரத்துல ஒண்ணு ரெண்டு மூணுன்னு ஓட்டிட மாட்டாரா?"

"நம்பர் எண்ணமாட்டாங்கக்கா, ஸ்டேஷன் எண்ணுவாங்க."

அது அந்த பிரஸ் வரிசையின் வழக்கம். ஒன்று, இரண்டு என்று எண்ணினால் நாக்கு முந்திக்கொண்டு ஓடிவிடும், ஐந்து விநாடி இரண்டிலேயே முடிந்துவிடும். அதனால் தினமும் ரயிலில் வந்துபோகிற ஆட்கள் எப்போதோ ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். பச்சை எரிந்ததும் சென்ட்ரல் பக்கம் போகிற ஸ்டேஷன்களை வரிசையாகச் சொல்ல வேண்டும். கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரி, அனுப்பம்பட்டு, மீஞ்சூர். ஸ்டேஷனுக்கு ஒரு விநாடி. மீஞ்சூர் வந்தால் ஐந்து. ஸ்டேஷனுக்கு ஒரு தரம் மேஜை விளிம்பில் விரலால் தட்டுவார்கள். அந்த சத்தத்தில் யாருக்கு எது கேட்கப் போகிறது, தட்டுவது தனக்குத்தான்.

"எங்க ஊட்டுக்காரு ஒண்ணு சேத்து எண்ணுவாரு. நந்தியம்பாக்கம் வரைக்கும். பயந்த சுபாவம்" என்றாள் ஜெபா.

நர்மதா வீடியோவைத் தன் கம்ப்யூட்டரில் ஏற்றி ஓட்டினாள். நீலச் சட்டை போட்ட ஒரு ஆள். பிரஸ் மேலே போகிறது. பச்சை எரிகிறது. அவன் வலது கை மேஜை விளிம்பில் தட்டுகிறது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. கை உள்ளே போகிறது. பிரஸ் இறங்குகிறது. ஜெபா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆறு தட்டு இருக்கிறது. ஆனால் நேரம் மூன்றரை விநாடிதான் காட்டுகிறது.

அவள் மறுபடி ஓட்டினாள். இந்தத் தடவை கூடவே தானும் ஸ்டேஷன்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். பொன்னேரியில் இருக்கும்போதே அவன் ஆறாவது தட்டுக்குப் போய்விட்டான். மூச்சுப் பிடித்து வேகமாகச் சொன்னாள். அனுப்பம்பட்டில் நாக்கு மடங்கிக்கொண்டது. மனுஷ வாயால் முடியாது. ஒன்பது வருஷம் எண்ணியவன் இப்படித் தந்தி அடிப்பானா? பின்னால் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போன ஒரு ஆளும் குடுகுடுவென்று போனான். அந்தக் கம்பெனியில் எல்லோருக்குமா பரபரப்பு?

வீடியோவின் மொத்த நீளத்தைப் பார்த்தாள். முப்பத்தாறு விநாடி.

கடிதத்தில் ஒரு நிமிடம் என்று எழுதியிருக்கிறது. கையில் இருப்பது முப்பத்தாறு. மீதி இருபத்துநாலு விநாடியை யார் தின்றது? இதை டைப் அடித்தவன் பார்க்கவில்லை, கையெழுத்துப் போட்டவன் பார்க்கவில்லை. ஒரு ஆளின் பிழைப்பை எடுக்கிற காகிதத்தை ஒரு தரம் கூட்டிப் பார்க்கக்கூட ஒருத்தருக்கும் நேரமில்லை.

"எந்தப் பேமானி இத மாத்திக் குடுத்தது?" என்று உரக்கவே கேட்டாள். "வேலை தெரியாத கழுதை. டைம்ஸ்டாம்ப்பத் தூக்கிப் போட்டுட்டு மாத்தியிருக்கான்."

"அப்படின்னா இன்னாக்கா?"

நர்மதாவுக்குக் கோபத்தில்தான் விளக்கம் நன்றாக வரும். "வீடியோன்றது ஒண்ணுமில்ல, வரிசையா நிக்கற போட்டோங்கதான். ஒவ்வொரு போட்டோ கையிலயும் ஒரு சீட்டு கீது. 'என்னை இத்தினியாவது நேரத்துல காட்டு'ன்னு எழுதியிருக்கும். அந்தச் சீட்டுதான் டைம்ஸ்டாம்ப். சிசிடிவி பொட்டி இந்தப் போட்டோங்கள தன்னோட டப்பாவுல போட்டு வெக்கும். அந்த டப்பா போன்ல ஓடாது. அதனால வேற டப்பாவுக்கு மாத்தணும். மாத்தும்போது போட்டோவ மட்டும் எடுத்துக்கினு சீட்ட கீழ போட்டுட்டா, எத எப்ப காட்டறதுன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாது. செகண்டுக்கு எத்தினின்னு நம்மளையே கேக்கும். நாம தப்பா சொன்னா தப்பா ஓட்டும்."

"போட்டோ எல்லாம் இருக்குமா?"

"ஒண்ணுகூட கொறையாது. தொண்ணூறு போட்டோ தொண்ணூறும் இருக்கும். ஆறு செகண்டுல ஓட வேண்டியது மூணரை செகண்டுல ஓடும். பாக்கறவன் அந்தாளு அவசரப்பட்டான்னு சொல்லுவான்."

சொல்லிக்கொண்டே மனசுக்குள் வகுத்துப் பார்த்தாள். மூன்றரைக்குக் கொஞ்சம் மேலே, தொண்ணூறு படம். அப்படியென்றால் எவனோ இருபத்தைந்து என்று அடித்திருக்கிறான். அந்தக் கேமரா பதிவது பதினைந்து. அது அவளுக்கு எப்படித் தெரியும்? அவள்தான் வைத்தாள். ஹார்ட் டிஸ்க் சீக்கிரம் நிரம்புகிறது என்று கம்பெனிக்காரர்கள் சொன்னதால் போன வருஷம் அங்கே அவர்கள் மாட்டின பன்னிரண்டு கேமராவையும் பதினைந்துக்கு இறக்கி வைத்தவளே அவள்தான்.

அப்போதுதான் வீடியோவின் பெயரைப் பார்த்தாள். தேதியும் நேரமும், கடைசியில் ஆர்.கே.பி. என்ற மூன்று எழுத்தும். தன் ஊர்ப் பெயரின் சுருக்கம். அவள் கடையிலிருந்து வெளியே போகிற எல்லா வீடியோவிலும் அவள் போடுகிற முத்திரை.

சூடாக இருந்த காது சட்டென்று ஜில்லிட்டுப் போனது. நினைவு வந்துவிட்டது. ஐந்து வாரத்துக்கு முன்னால் கம்பெனி செக்யூரிட்டி ஒருவன் பைக்கை அணைக்காமலே வாசலில் நின்று பென்டிரைவை நீட்டினான். போனில் ஓடுகிற மாதிரி மாற்ற வேண்டும், சார் காத்திருக்கிறார் என்றான். அவள் ஒரு சீமந்த வீடியோவின் நடுவில் இருந்தாள். படத்தை உருவினாள், இருபத்தைந்தை அடித்தாள், ஓடுகிறதா என்று முதல் ஐந்து விநாடி பார்த்தாள். ஒரு எந்திரமும் ஒரு நீலச் சட்டையும் தெரிந்தன. "ஓடுது, எடுத்துக்கினு போ" என்றாள்.

அந்தக் கம்பெனியின் டிவிஆரில், அதாவது கேமரா பதிவுப் பெட்டியில், கடிகாரம் டிவியில் மட்டும்தான் தெரியும், படத்துக்குள் பதியாது. பதிந்திருந்தால் ஓட்டிப் பார்த்த எவனாவது கண்டுபிடித்திருப்பான். அதுவும் இல்லை.

"அக்கா, இன்னா ஆச்சு?" என்றாள் ஜெபா.

"அந்தக் கழுதை நான்தான்" என்றாள் நர்மதா.

சொல்லாமல் விட்டிருக்கலாம். ஜெபாவுக்கு என்ன தெரியும்? ஆனால் மற்றவர்களைத் திட்டித் திட்டியே பேர் வாங்கியவள், தன் முறை வரும்போது வாயை மூடிக்கொண்டால் அதைவிடக் கேவலம் வேறு இருக்கிறதா? ஜெபா கடிதத்தை எடுத்து மறுபடி மடித்தாள். பிறகு, "வெள்ளிக்கிழமை வந்து இத அங்க சொல்லுவீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

கல்யாண வேலைக்காரர்களுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. எதையும் அழிக்க மாட்டார்கள். மூன்று வருஷம் கழித்து வந்து "எங்க தாத்தா இருக்கிற சீன் வேணும்" என்று கேட்பார்கள். அதனால் செக்யூரிட்டி கொண்டுவந்த அசல் பதிவு, டப்பாவும் சீட்டுமாக, அவள் கம்ப்யூட்டரில் அப்படியே இருந்தது. சீட்டுகளையும் சேர்த்து மறுபடி மாற்றினாள். சரியாக அறுபது விநாடி ஓடியது.

மறுநாளே கம்பெனிக்குப் போய் வீரராகவனைப் பார்த்தாள். அவர் முழுதாகக் கேட்டுக்கொண்டார். காபி வரவழைத்தார். மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை.

"மேடம், அந்த வீடியோ ரெக்கார்டுல ஏறிடுச்சு. இப்போ போயி தப்புன்னு சொன்னா உங்க கடைக்குத்தான் கெட்ட பேரு. சிப்காட்டுல எத்தன கம்பெனி உங்கள நம்பிக் கேமரா போட்டிருக்கு?"

"அசல் பதிவு உங்ககிட்டயும் கீது சார். நீங்க ஒருதரம் போட்டுப் பாருங்க."

"நான் எதுக்கு மேடம் பாக்கணும்? உங்கள யாரும் சாட்சிக்குக் கூப்பிடலையே."

காபியைத் தொடாமல் எழுந்து வந்தாள். வீட்டில் அன்புசெல்வனும் முதலில் முணுமுணுத்தான். "பன்னெண்டு கேமரா நர்மதா. நம்ம தப்ப நாமளே போயி ஊரக் கூட்டி சொல்றதா?" அவள் வலது கையில் மூன்று விரலை மடக்கி, மீதி இரண்டு விரலால் ஒரு வாய் சோற்றைப் பிசைந்து காட்டினாள். பருக்கை எல்லாம் தட்டிலேயே சிந்தியது. அவன் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கம்பெனியின் கூட்ட அறையில் விசாரணை. விசாரணை அதிகாரி சந்திரமோகன் வெளியாள், திருவள்ளூர் கோர்ட்டில் பழம் தின்று கொட்டை போட்ட வக்கீல். ஒரு பக்கம் வீரராகவன். எதிர்ப்பக்கம் இம்மானுவேல், அவனுக்கு உதவியாக அவனோடு பிரஸ் ஓட்டுகிற கோபால். சுவருக்கு அந்தப் பக்கம்தான் பிரஸ் ஷாப். பெரிய பிரஸ் ஒவ்வொரு தரம் இடிக்கும்போதும் மேஜையில் இருந்த டம்ளர் தண்ணீர் நடுங்கியது. கோபால் எழுந்து, நர்மதாவைத் தங்கள் தரப்புச் சாட்சியாக விசாரிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

இம்மானுவேலை அவள் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஒல்லியான ஆள். கட்டுப் போட்ட கையை மேஜைக்கு அடியில் மறைத்து வைத்திருந்தான். அவளைப் பார்த்து லேசாகத் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலில் ஒரு திட்டுகூட இல்லாதது அவளுக்குத் தாங்கவில்லை.

நடந்ததை மறைக்காமல் சொன்னாள். போட்டோ, சீட்டு, டப்பா, பதினைந்து, இருபத்தைந்து. சந்திரமோகன் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்போ தப்பு யாருது?"

"மாத்தினது நான். தப்பு என்னுது. எழுதிக்குங்க சார்."

"இவங்க கொண்டாந்த பதிவு எப்படி சார் செல்லும்?" என்றார் வீரராகவன். "ஊட்ல உக்காந்து என்ன வேணாலும் பண்ணியிருக்கலாம்."

"என் பதிவு வேணாம். இவங்க அனுப்பின பென்டிரைவ் இவங்ககிட்டயேதான் கீது. அத எடுத்து, டிவிஆர் கம்பெனி குடுத்த பிளேயர்லயே போடுங்க. நான் தொடவே மாட்டேன்." வீரராகவன் பக்கம் திரும்பினாள். "இன்னொண்ணு கேளுங்க சார். உங்க காயிதத்துல ஒரு நிமிஷம்னு எழுதியிருக்கீங்க, போட்டுக் காட்டினது முப்பத்தாறு செகண்டு. நான் முட்டாள்தனமா மாத்தினேன். நீங்க அத்தன பேரு சேந்து பாத்தீங்களே, ஒருத்தருக்காவது கண்ணு தெரியலயா?"

வீரராகவன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சந்திரமோகன் கையைக் காட்டி நிறுத்தினார். குற்றப்பத்திரிகையை எடுத்து அந்த வரியில் விரலை வைத்துப் படித்தார். பிறகு பென்டிரைவைக் கொண்டுவரச் சொன்னார்.

திரையில் படம் ஓடியது. இந்தத் தடவை, பிளேயர் அந்தச் சீட்டுகளைப் படித்துக் காட்டுகிற கடிகாரமும் கீழே ஓடியது. தள்ளுவண்டி ஆள் சாவகாசமாகப் போனான். பிரஸ் மேலே போனது. பச்சை எரிந்தது.

அதுவரை வாயே திறக்காத இம்மானுவேல் திரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தான். "கும்மிடிப்பூண்டி." திரையில் விரல் தட்டியது. "கவரைப்பேட்டை." மறுபடி தட்டியது. "பொன்னேரி. அனுப்பம்பட்டு. மீஞ்சூர்." ஒவ்வொன்றும் அவன் சொல்லுக்கும் அந்த விரலுக்கும் மயிரிழை பிசகவில்லை. அந்த விரல்கள் இப்போது அவனிடம் இல்லை. "நந்தியம்பாக்கம்" என்றான். கை உள்ளே போனது. எந்திரம் இறங்கியது. கடிகாரத்தில் ஆறு விநாடி.

சந்திரமோகன் எழுத ஆரம்பித்தார். "ஆறு விநாடி. அப்படின்னா பூட்டு விழுந்ததுக்கு அப்புறம்தான் இறங்கியிருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஜெபாவுக்கு இனி போன் செய்யலாம் என்று நர்மதா நினைத்தாள். மூன்று நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது கொஞ்சம் இறங்கின மாதிரி இருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய பிரஸ் இடித்தது. டம்ளர் தண்ணீர் நடுங்கியது.

நர்மதா டம்ளரையே பார்த்தாள். "சார்," என்றாள், "அந்த இடிக்கிற மெஷின் எது?"

கோபால்தான் பதில் சொன்னார். "நாலாம் நம்பருங்க."

"அத ரிப்பேர் பாத்தாங்களா?"

"எங்க பாத்தாங்க? மெஷின்ல கோளாறு இல்ல, ஆளு மேலதான் தப்புன்னு உங்க வீடியோவப் பாத்து முடிவு பண்ணிட்டாங்க. மறுநாளே ஓட்டிட்டாங்க. இப்போ அதுல துளசிராமன் நிக்கறான்."

"அவரு எது வரைக்கும் எண்ணுவாரு?"

"எல்லார மாதிரியும்தான். மீஞ்சூர்."

ஐந்து வாரம். ஷிப்டுக்கு எத்தனை நூறு தகடு, ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரு கை. வாழ்நாளில் முதல் தடவையாக, யாரைத் திட்டுவது என்று நர்மதாவுக்குத் தெரியவில்லை.

நாற்காலி உராய்கிற சத்தம் கேட்டது. இம்மானுவேல் எழுந்துவிட்டான். "விசாரணை நடந்துக்கினு இருக்கு, உக்காருப்பா" என்றார் வீரராகவன். அவன் அவரைப் பார்க்கக்கூட இல்லை. கதவை இடது கையால் திறந்துகொண்டு பிரஸ் ஷாப் பக்கம் போனான். கோபாலும் பின்னாலேயே ஓடினார்.

பிரஸ் இன்னும் ஒரு தரம் இடித்தது. பிறகு ஓய்ந்தது. எல்லோரும் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் மெல்ல அடங்கி அசையாமல் நின்றது.

இம்மானுவேல் திரும்பி வந்தான். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். கட்டுப் போட்ட கையை இந்தத் தடவை மேஜைக்கு மேலேயே வைத்தான்.

"நிறுத்திட்டேன்" என்றான் சந்திரமோகனிடம். "இப்போ எழுதுங்க சார்."